சுமை இழந்த எலும்பு

இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சையில் கண்ணுக்குத் தெரிய மாற்றப்படுவது மிகச் சிறிய பகுதிதான். தேய்ந்துபோன தொடை எலும்பின் தலை கழுத்தோடு அறுத்து எடுக்கப்படுகிறது. எஞ்சிய எலும்பின் நடுவே ஓடும் மஜ்ஜைக் குழாய் அரங்களால் ராவி அகலமாக்கப்பட்டு, அதற்குள் ஒரு உலோகத் தண்டு இறக்கப்படுகிறது. தண்டின் உச்சியில் உலோகத்தாலோ செராமிக்காலோ ஆன உருண்டைத் தலை பொருத்தப்பட, அது சுழல்வதற்கான கிண்ணம் இடுப்பெலும்பின் குழியில் பதிக்கப்படுகிறது. சில வாரங்களில் வலி நீங்கி, நோயாளி கைத்தடியை விட்டு நடக்கத் தொடங்கும்போது சிகிச்சை முடிந்துவிட்டதாகவே எல்லோருக்கும் தோன்றும். தண்டைச் சுற்றியுள்ள எலும்பு அப்போதுதான் மாறத் தொடங்கியிருக்கிறது. ஓரிடத்தில் அடர்த்தி குறைந்தும் இன்னோரிடத்தில் சற்றே கூடியும் அது புதிய அமைப்புக்கு வந்து சேர ஓராண்டிலிருந்து ஈராண்டு வரை ஆகிறது.

இந்த மாற்றத்தைப் புரிந்துகொள்ள, எலும்பு தன் அளவை எப்படித் தீர்மானித்துக்கொள்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஆஸ்டியோகிளாஸ்ட் எனப்படும் அழிப்புச் செல்கள் பழைய எலும்பை அமிலத்தாலும் நொதிகளாலும் கரைத்துக் குழி பறிக்க, ஆஸ்டியோபிளாஸ்ட் எனப்படும் ஆக்கச் செல்கள் பின்னாலேயே வந்து அந்தக் குழியைப் புதிய எலும்பால் நிரப்புகின்றன. இவ்விரண்டு வேலைகளையும் மேற்பார்ப்பவை எலும்புக்குள்ளேயே புதைந்து கிடக்கும் ஆஸ்டியோசைட்டுகள். எலும்புச் செல்களில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் இவைதான். ஒவ்வொரு காலடியிலும் எலும்பு மிக நுண்ணிய அளவில் வளைந்து நிமிரும்போது, இந்தச் செல்களை இணைக்கும் நுண்குழாய்களில் உள்ள திரவம் அசைகிறது. அந்த அசைவைக் கொண்டே அவை சுமையை உணர்கின்றன என்பது இன்றைய விளக்கம். சுமை குறைந்தால் ஸ்கிளிரோஸ்டின் என்னும் புரதத்தை அவை கூடுதலாகச் சுரந்து, ஆக்கச் செல்களின் வேலையை மட்டுப்படுத்துகின்றன. விண்வெளி நிலையத்தில் எடையற்று மிதக்கும் வீரர்களின் இடுப்பெலும்பில் மாதந்தோறும் ஒன்று முதல் ஒன்றரை விழுக்காடு வரை தாதுப்பொருள் குறைவதற்கும், அறுவை சிகிச்சைக்குப் பின் தொடை எலும்பு மெலிவதற்கும் அடிப்படையில் காரணம் ஒன்றே.

சுமைக்கும் எலும்பின் உள்ளமைப்புக்கும் உள்ள தொடர்பு செல்களைப் பற்றி எதுவும் தெரியாத காலத்திலேயே கண்டறியப்பட்டது. தொடை எலும்பின் மேல்முனையை நெடுக்குவாட்டில் அறுத்துப் பார்த்தால், வெளியே கெட்டியான புறணி எலும்பும் உள்ளே வலைபோல் பின்னிய பஞ்செலும்பும் தெரியும். அந்தப் பின்னலின் இழைகள் தலையிலிருந்து கழுத்தின் உட்பக்கம் நோக்கி ஒரு கற்றையாகவும், வெளிப்பக்கத்திலிருந்து வளைந்தெழுந்து அதைக் குறுக்கே வெட்டும் இன்னொரு கற்றையாகவும் ஓடுகின்றன. சூரிச் நகரின் உடற்கூறியலாளர் ஹெர்மன் வான் மேயர் வரைந்த இந்த அமைப்பும், அதே நகரின் பொறியாளர் கார்ல் குல்மன் பளுதூக்கியின் வளைந்த கைக்காகக் கணக்கிட்டு வரைந்த தகைவுக் கோடுகளும் ஒத்துப்போனதை 1867இல் வெளியான மேயரின் கட்டுரை எடுத்துக்காட்டியது. பெர்லின் அறுவை மருத்துவர் ஜூலியஸ் உல்ஃப் 1892இல் வெளியிட்ட நூலில் இதை ஒரு விதியாகவே அறிவித்தார்: எலும்பின் மேல் விழும் சுமை மாறினால் அதன் உள்ளமைப்பும் வடிவமும் அதற்கேற்ப மாறும். கணித ஒப்புமையை உல்ஃப் மிகைப்படுத்தினார் என்பது பின்னர் தெரியவந்தாலும், மாற்றுமூட்டு பொருத்தப்பட்ட தொடை எலும்பைப் போல் அவருடைய விதியை மெய்ப்பித்துக் காட்டும் சோதனை வேறு அரிது.

இயல்பான இடுப்பில் இந்தச் சுமை எவ்வளவு? பெர்லினில் கியோர்க் பெர்க்மன் குழுவினர், விசையை அளந்து வானொலி அலையாக வெளியே அனுப்பும் உணரிகள் அடங்கிய மாற்றுமூட்டுகளைச் சில நோயாளிகளுக்குப் பொருத்தி இதை நேரடியாகவே அளந்தனர். சாதாரண நடையில் இடுப்பு மூட்டின் மேல் உடல் எடையைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு விசை விழுகிறது. ஒற்றைக் காலில் நிற்கும் கணத்தில் உடல் மறுபக்கம் சாய்ந்துவிடாதபடி இழுத்துப் பிடிக்கும் தசைகளின் விசையும் எடையோடு சேர்ந்துகொள்வதே இதற்குக் காரணம். கால் இடறித் தடுமாறிய ஒரு கணத்தில் எட்டு மடங்கைத் தாண்டிய விசையும் பதிவாகியிருக்கிறது. இந்த விசை தலை வழியாகக் கழுத்துக்கு வந்து, கழுத்தின் அடிப்பகுதியில் உட்பக்கமாக அமைந்திருக்கும் கால்கார் எனப்படும் தடித்த எலும்புத் தாங்கலின் வழியாகத் தொடை எலும்பின் நடுப்பகுதிக்கு இறங்குகிறது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு அதே விசை உலோகத் தலை வழியாகத் தண்டுக்குள் நுழைந்து, தண்டு எலும்போடு எங்கே இறுகப் பற்றியிருக்கிறதோ அங்கேதான் எலும்புக்குக் கைமாறுகிறது. பற்று கீழே அமைந்தால் மேற்பகுதி எலும்பு பெருமளவு சுமையின்றி நிற்கும்.

சுமை எந்த விகிதத்தில் பங்கிடப்படுகிறது என்பதை விறைப்பு தீர்மானிக்கிறது. இருவர் தோள் கொடுத்துத் தூக்கும் உத்தரத்தில் வளைந்து கொடுக்காதவர் தோளிலேயே பாரம் ஏறுவதைப் போல, ஒன்றாகப் பிணைந்து சுமை தாங்கும் இரண்டு பொருள்களில் விறைப்பு மிகுந்தது தன் பங்குக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. ஒரு பொருள் எந்த அளவுக்கு நீளவோ வளையவோ மறுக்கிறது என்பதைக் குறிக்கும் யங் குணகம் புறணி எலும்புக்கு 15 முதல் 20 கிகாபாஸ்கல் வரை. டைட்டானியக் கலவைக்குச் சுமார் 110. கோபால்ட் குரோமியக் கலவைக்கு 200க்கும் மேல். தண்டு வளையாமல் இருப்பது பொருளோடு நின்றுவிடுவதில்லை, தடிமனையும் சார்ந்தது. வட்டக் குறுக்குவெட்டு உடைய திண்மத் தண்டின் வளைவு விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடுவதால், 10 மில்லிமீட்டர் தண்டுக்குப் பதில் 14 மில்லிமீட்டர் தண்டைப் பொருத்தினால் விறைப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. மஜ்ஜைக் குழாய் அகன்று புறணி மெலிந்த முதியவர்களுக்கே தடித்த தண்டு தேவைப்படுகிறது என்பதால், இழக்கக் கையிருப்பு குறைந்த எலும்புக்கே மிக விறைப்பான துணை வந்து சேர்கிறது. இவ்வாறு உள்வைப்பு சுமையைத் தானே ஏற்றுக்கொண்டு, அருகிலுள்ள எலும்புக்கு அது எட்டாமல் செய்வதைச் சுமை மறைப்பு எனலாம்.

இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி 1962 நவம்பரில் பாலிஎத்திலீன் கிண்ணத்தைப் பொருத்தத் தொடங்கி இன்றைய மாற்றுமூட்டுக்கு அடித்தளம் இட்டபோது, துருப்பிடிக்காத எஃகுத் தண்டை எலும்போடு பிணைக்க அக்ரிலிக் சிமெண்ட்டைப் பயன்படுத்தினார். பின்னாளில், சிமெண்ட் இல்லாமலே எலும்பு நேரடியாக உலோகத்தில் வேர் பிடிக்கும்படி, மேற்பரப்பில் நுண்துளைகள் கொண்ட தண்டுகள் உருவாயின. இவற்றைப் பற்றி அமெரிக்காவின் வர்ஜீனியாவைச் சேர்ந்த சார்லஸ் எங் தம் குழுவினருடன் 1987இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு முரண் வெளிப்பட்டது. எலும்பு நன்றாக வேர் பிடித்து, தண்டு அசையாமல் நின்ற நோயாளிகளிடமே மேற்பகுதி எலும்பின் இழப்பு மிகுதியாக இருந்தது, 13.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் விட்டமுள்ள தண்டுகளில் அது இன்னும் கூடியது. தண்டு தளர்ந்திருந்தால் மேற்பகுதி எலும்பு ஏதாவது ஒரு விதத்தில் சுமையைத் தாங்கியாக வேண்டியிருக்கும். தண்டு கீழே உறுதியாகப் பற்றிய பிறகே மேற்பகுதிக்கு வேலையில்லாமல் போகிறது. ஆகவே எக்ஸ்ரேயில் தெரியும் எலும்பு மெலிவைப் பார்த்தவுடன் அறுவை சிகிச்சை தோற்றுவிட்டது என்று முடிவு கட்டுவது தவறு. பல வேளைகளில் அது தண்டு உறுதியாக நிற்பதற்கான தடயமே.

அத்தகைய எக்ஸ்ரே படத்தில் பழகிய கண் சில அடையாளங்களைத் தேடும். கழுத்து அறுபட்ட இடத்தில் கூர்மையாக இருந்த கால்காரின் விளிம்பு மழுங்கி உருண்டிருக்கும். அதற்குக் கீழே உட்பக்கப் புறணி, வெள்ளைக் கோட்டிலிருந்து சாம்பல் நிறத்துக்கு மங்கியிருக்கும். நுண்துளைப் பூச்சு முடியும் இடத்திலோ, குழாயின் உட்சுவரிலிருந்து உலோகத்தை நோக்கி நீண்ட வெண்மையான எலும்புப் பாலம் ஒன்று பற்றி நிற்கும். சுமை கைமாறும் இடம் அதுதான். இந்தப் படத்தை எல்லோரும் ஒரே மொழியில் விவரிக்க 1979இல் தாமஸ் குரூயனும் உடன் ஆய்வாளர்களும் தண்டைச் சுற்றியுள்ள பகுதியை ஏழு மண்டலங்களாகப் பிரித்தனர்: வெளிப்பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒன்று முதல் மூன்று வரை, தண்டின் நுனிக்குக் கீழே நான்கு, பிறகு உட்பக்கமாக மேலேறி ஐந்து, ஆறு, ஏழு. கால்கார் இருப்பது ஏழாம் மண்டலத்தில். தளர்ந்துபோன சிமெண்ட் தண்டுகளை விவரிக்க உருவான இந்தப் பிரிவினையே இன்று அடர்த்தியை அளப்பதற்கும் வரைபடமாகப் பயன்படுகிறது.

எக்ஸ்ரேயைக் கண்ணால் பார்த்து அடர்த்தியைக் கணிப்பது நம்பத்தக்கதன்று. தாதுப்பொருளில் கணிசமான பங்கு போன பிறகே மெலிவு கண்ணுக்குப் புலப்படும். எலும்புப்புரை நோயைக் கண்டறியப் பயன்படும் டெக்ஸா ஸ்கேன் இக்குறையை நீக்கியது. இரண்டு வெவ்வேறு ஆற்றல் கொண்ட எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, எலும்பும் மென்திசுவும் அவற்றை உறிஞ்சும் அளவில் உள்ள வேறுபாட்டைக் கொண்டு எலும்புத் தாதுவின் அளவை அது கணக்கிடுகிறது. நடுவே நிற்கும் உலோகம் கதிர்களை ஏறத்தாழ முழுமையாக மறித்துவிடுவதால், அதன் விளிம்பை அடையாளம் கண்டு கழித்துவிட்டு எஞ்சிய எலும்பை மட்டும் மண்டலம் மண்டலமாக அளக்கும் தனி மென்பொருள் தேவைப்படுகிறது. நோயாளியின் பாதம் சற்று உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருந்தாலே, உலோகத்தின் நிழலுக்குப் பின்னால் ஒளிந்திருந்த எலும்பு வெளிப்பட்டும் வெளியே இருந்தது ஒளிந்தும் எண் மாறிவிடும். அதனால்தான் ஒவ்வொரு முறையும் பாதத்தை ஒரே கோணத்தில் ஒரு தாங்கியில் கட்டி அளக்கிறார்கள். எவ்வளவு கவனமாக அளந்தாலும் மீண்டும் அளக்கும்போது சில விழுக்காடு வேறுபாடு வரும் என்பதால், இரண்டு விழுக்காடு குறைந்தது, மூன்று விழுக்காடு கூடியது என்று ஒரு தனி நோயாளியின் அறிக்கையைப் பார்த்துக் கவலைப்படுவதற்கும் மகிழ்வதற்கும் இடமில்லை.

ஒப்பிடுவதற்கான முதல் அளவு எப்போது எடுக்கப்பட்டது என்பதும் முக்கியம். அறுவை சிகிச்சைக்கு முந்தைய அளவைப் பயன்படுத்த முடியாது. கழுத்து அறுபடுவதும் குழாய் ராவப்படுவதும் எலும்பையே குறைத்துவிடுகின்றன. ஆதலால் சிகிச்சை முடிந்த ஓரிரு வாரங்களுக்குள் எடுக்கப்படும் ஸ்கேனே அடிப்படை அளவாகக் கொள்ளப்படுகிறது. அதிலிருந்து தொடர்ந்து பார்க்கும் ஆய்வுகள், தண்டின் வகைக்கு ஏற்ப அளவில் வேறுபட்டாலும், ஒரே போக்கையே காட்டுகின்றன. முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில் அடர்த்தி எல்லா மண்டலங்களிலும் சரிகிறது. அறுவையால் குழாயின் உட்சுவருக்கு வரும் இரத்த ஓட்டம் சிதைவதும், காயத்துக்கு எதிர்வினையாக எலும்பின் புதுப்பிப்பு வேகமெடுப்பதும், நோயாளி அந்தக் காலில் முழு எடையையும் வைக்கத் தயங்குவதும் இந்தத் தொடக்கச் சரிவுக்குச் சேர்ந்தே காரணமாகின்றன. பிறகு நடை இயல்பானதும் கீழ் மண்டலங்கள் இழந்ததை மீட்கின்றன; தண்டின் நுனியை ஒட்டிய பகுதிகளில் சில தண்டுகளில் அடர்த்தி முன்பைவிடக் கூடவும் செய்கிறது. ஏழாம் மண்டலம் மட்டும் மீள்வதில்லை. அங்கே முதலாண்டு முடிவதற்குள் கால் பங்கு அளவுக்குத் தாது குறைவது விந்தையன்று. ஈராண்டுக்குப் பின் சரிவு பெரும்பாலும் நின்று, வயதுக்கேற்ற மெதுவான தேய்வு மட்டுமே தொடர்கிறது. புதிய சுமைக்கு ஏற்ற புதிய அளவை எட்டியதும் எலும்பு அங்கேயே நின்றுவிடுகிறது என்பது உல்ஃபின் விதியிலிருந்து எதிர்பார்க்க வேண்டியதே.

எவருக்கு இழப்பு மிகும் என்ற கேள்விக்கு, இறந்தோரின் உடலிலிருந்து பெறப்பட்ட தொடை எலும்புகள் தெளிவான விடை தந்தன. மாற்றுமூட்டு பொருத்தப்பட்ட பக்கத்தையும் பொருத்தப்படாத மறுபக்கத்தையும் அருகருகே வைத்து அளந்தபோது, மறுபக்க எலும்பின் அடர்த்தி குறைவாக இருந்தவர்களிடமே தண்டைச் சுற்றிய இழப்பு விகிதம் கூடுதலாக இருந்தது. மாதவிடாய் நின்ற பெண்களும் ஏற்கெனவே எலும்புப்புரை உள்ளவர்களும் இந்தப் பிரிவில் வருவதால், அவர்களுடைய எலும்பின் நிலையை அறுவை சிகிச்சைக்கு முன்பே அறிந்துகொள்வது எந்தத் தண்டு, எந்த வகைப் பிணைப்பு என்பதைத் தேர்வதற்குப் பயன்படும்.

கிண்ணத்தின் பக்கம் இவ்வளவு விரிவாக ஆராயப்படவில்லை. அங்கே டீலீயும் சார்ன்லியும் 1976இல் வகுத்த மூன்று மண்டலங்கள் பயன்பாட்டில் உள்ளன. சிமெண்ட் இல்லாத கிண்ணம் தன் விளிம்பில் இறுகப் பற்றுவதால், அதன் பின்னுள்ள பஞ்செலும்பு சுமை குறைந்து மெலிகிறது.

இதுவரை கூறப்பட்ட மெலிவோடு போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொரு எலும்பிழப்பு உண்டு. பாலிஎத்திலீன் கிண்ணத்தில் தலை சுழலும்போது ஒரு மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள்கள் இலட்சக்கணக்கில் உதிர்கின்றன. மேக்ரோபேஜ் எனப்படும் விழுங்கு செல்கள் அவற்றை விழுங்கிச் செரிக்க முடியாமல் அழற்சிப் பொருள்களைச் சுரக்க, அவை அழிப்புச் செல்களை முடுக்கிவிட, தண்டையும் கிண்ணத்தையும் சுற்றி எலும்பில் பொந்துகள் விழுகின்றன. சுமை மறைப்பால் வரும் மெலிவு பரவலாகவும் சீராகவும் இருந்து ஒரு கட்டத்தில் நின்றுவிடும். இதுவோ திட்டுத்திட்டாக, பல ஆண்டுகள் கழித்துத் தொடங்கி, துகள் உதிரும் வரை நிற்காமல் பெருகும். ஒரு காலத்தில் பழி முழுவதும் சிமெண்ட்டின் மேல் விழுந்து, 1987இல் வெளியான ஒரு கட்டுரை இதைச் சிமெண்ட் நோய் என்றே அழைத்தது. சிமெண்ட்டே இல்லாத தண்டுகளைச் சுற்றியும் அதே பொந்துகள் தென்பட்டபோது அந்தப் பெயர் அடிபட்டுப் போனது. கிண்ணத்தின் தேய்வு ஆண்டுக்கு 0.1 மில்லிமீட்டரைத் தாண்டும்போது பொந்துகள் மிகுவதும், 0.05க்குக் கீழே அவை அரிதாவதும் அறியப்பட்ட பிறகு, கதிர்வீச்சால் மூலக்கூறுச் சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்து வலுவூட்டிய பாலிஎத்திலீன் 1990களின் இறுதியிலிருந்து புழக்கத்துக்கு வந்து, இச்சிக்கலைப் பெருமளவு தணித்துவிட்டது.

சுமை மறைப்பைத் தணிக்கும் முயற்சி அவ்வளவு எளிதாக வெற்றி பெறவில்லை. விறைப்புதான் குற்றவாளி என்றால் எலும்பைப் போல வளையும் தண்டைச் செய்துவிடலாமே என்று சுவிட்சர்லாந்தின் ராபர்ட் மேத்திஸ் 1973இல் பிளாஸ்டிக் தண்டு ஒன்றை அறிமுகப்படுத்தினார். எதிர்பார்ப்புக்கு மாறாக, அவற்றில் பல தளர்ந்துபோயின. காரணத்தை நெதர்லாந்தின் ரிக் ஹூய்ஸ்கஸ் கணினி மாதிரிகள் கொண்டு விளக்கினார்: தண்டு வளைய வளைய மேற்பகுதி எலும்புக்குச் சுமை கிடைப்பது உண்மைதான், ஆனால் தண்டும் எலும்பும் சந்திக்கும் பரப்பில் சறுக்கு விசையும் கூடவே ஏறுகிறது. அந்தப் பரப்பில் அசைவு ஏறத்தாழ 150 மைக்ரோமீட்டரைத் தாண்டினால் எலும்பு வேர் பிடிக்காமல் நார்த்திசுவே வளரும். மெலிவைத் தவிர்க்கப் போய்ப் பிடிப்பையே இழப்பது நல்ல பேரம் ஆகாது. இன்றைய தண்டுகள் நுண்துளைப் பூச்சை மேற்பகுதியில் மட்டும் வைத்தும், நீளத்தைக் குறைத்தும், கீழ்நோக்கிக் குறுகும் ஆப்பு வடிவில் அமைந்தும் சுமையை இயன்றவரை மேலேயே எலும்புக்குக் கைமாற்ற முயல்கின்றன. அவற்றால் ஏழாம் மண்டலத்தின் இழப்பு குறைகிறதே தவிர மறையவில்லை.

மருந்து வழியும் முயலப்பட்டது. எலும்புப்புரைக்குத் தரப்படும் அலெண்ட்ரோனேட், ரிசெட்ரோனேட் போன்ற பிஸ்பாஸ்போனேட் மருந்துகள் அழிப்புச் செல்களை முடக்குவதால், அறுவை சிகிச்சையை ஒட்டிய மாதங்களில் கொடுக்கும்போது ஸ்கேன் எண்கள் கணிசமாக மேம்படுகின்றன. அந்த மேம்பட்ட எண்ணால் நோயாளியின் நடையோ வலியோ வேறுபடுவதாக ஒப்பீட்டுச் சோதனைகள் காட்டவில்லை. மருந்து உட்கொண்டவர்களுக்கு மறுஅறுவை குறைவாகத் தேவைப்பட்டதாகப் பதிவேடுகளைத் திரட்டிப் பார்த்த ஆய்வுகள் கூறினாலும், அவை காரணத்தை நிறுவும் வகை ஆய்வுகள் அல்ல. எலும்புப்புரை உள்ளவருக்கு அந்நோய்க்காகவே மருந்து தருவது முறை. ஸ்கேன் எண்ணை அழகாக்குவதற்காக எல்லோருக்கும் தருவதற்குப் போதிய நியாயம் இன்னும் பிறக்கவில்லை.

அப்படியானால் இந்த மெலிவு எங்கே பொருட்படுத்தத் தக்கதாகிறது? இரண்டு இடங்களில். முதலாவது, தண்டைச் சுற்றி ஏற்படும் முறிவு. 1995இல் டங்கனும் மஸ்ரியும் வகுத்த வான்கூவர் வகைப்பாடு, முறிவு எங்கே விழுந்தது என்பதோடு தண்டு தளர்ந்துள்ளதா, எஞ்சிய எலும்பின் தரம் எப்படி என்பவற்றையும் கொண்டே சிகிச்சையைத் தீர்மானிக்கிறது. தண்டும் தளர்ந்து எலும்பும் மெலிந்த வகைதான் அதில் மிகக் கடினமானது. இரண்டாவது, மறுஅறுவை. ஆஸ்திரேலிய, பின்லாந்துப் பதிவேடுகளைத் தொகுத்து 2019இல் வெளியான ஓர் ஆய்வின்படி, மாற்றப்பட்ட இடுப்பு மூட்டுகளில் ஏறத்தாழ 58 விழுக்காடு 25 ஆண்டுகள் நீடிக்கின்றன. ஐம்பது வயதில் சிகிச்சை பெறுபவர் தம் வாழ்நாளில் இரண்டாவது தண்டைச் சந்திக்க நேரலாம் என்பது இதன் பொருள். அப்போது புதிய தண்டைப் பற்றிக்கொள்ள மேற்பகுதியில் எலும்பு இல்லையென்றால், இன்னும் நீளமான, இன்னும் தடித்த தண்டை நாட வேண்டியிருக்கும். அதன் விளைவு இந்த அத்தியாயத்தின் கணக்குகளிலிருந்தே ஊகிக்கத்தக்கது. எழுபத்தைந்து வயதுக்காரருக்கு மெலிவின் அளவைவிட, விழாமல் நடப்பதே முதல் தேவை.

துகள்களால் விழும் பொந்துகள், எலும்பு முறியும் வரையிலோ தண்டு தளரும் வரையிலோ பெரும்பாலும் வலிப்பதில்லை. எனவே மாற்றுமூட்டு பொருத்திக்கொண்டவர்கள், இடுப்பு நன்றாக இருக்கிறதே என்று மருத்துவர் குறித்த எக்ஸ்ரே பரிசோதனைகளைத் தள்ளிப்போடக் கூடாது. சிகிச்சை முடிந்தவுடன் எடுத்த முதல் படத்தையும், பொருத்தப்பட்ட தண்டின் வகையையும் அளவையும் குறிப்பிடும் அட்டையையும் பத்திரப்படுத்தி, பரிசோதனைக்குச் செல்லும்போதெல்லாம் உடன் எடுத்துச் செல்ல வேண்டும். பின்னால் எடுக்கப்படும் எந்தப் படத்தையும் அந்த முதல் படத்தோடு ஒப்பிட்டுத்தான் படிக்க முடியும்.